கேட்டதாகச் சொன்னார்கள்

கிரிம்ஸ்பி மீன் ஆலையில்
ஒரே பெல்ட்டின் எதிரெதிர்ப் பக்கம் ஆறு வருடம்
டோவிலேயும் டெரிக் ஸ்டாதர்ஸும்.
அவன் ஹேடக்கின் தோலை உரித்துத் தள்ளுவான்,
அவள் விரலால் முள் தேடுவாள்.
பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை.
கத்தி, என்பான். நீட்டுவாள்.
ஐஸ், என்பாள். தள்ளிவிடுவான்.
ஒரு வினைச்சொல்கூட இல்லாமல்
ஓடிக்கொண்டிருந்தது நாளுக்கு நாலு டன்.

செவ்வாய் மாலை நூலக மாடியில் ஆங்கில வகுப்பு.
மிஸஸ் பிளென்கின் பலகையில் எழுதினார்: ஆஸ்க்.
வினவவும் இதுதான், வேண்டவும் இதுதான், என்றார்
ஆடித் தள்ளுபடி அறிவிப்பவர் முகத்தோடு.
டோவிலேவுக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது.
லிதுவேனியாவில் வினவ ஒன்று, வேண்ட ஒன்று.
வீட்டுக்கு இரண்டு வாசல் வைப்பதில்லையா,
விருந்தாளிக்கு ஒன்று, விறகுக்கு ஒன்று?
போதாததற்கு
வினவுவதோடு ஓர் எழுத்தைக் கூட்டினால்
காது கொடுப்பது என்று ஆகிவிடும் அங்கே.
இதையெல்லாம் மிஸஸ் பிளென்கினிடம் சொல்ல
ஆங்கிலம் பற்றவில்லை.

வேண்டும்போது மட்டும்
பின்னால் ஒரு ஃபார் போட வேண்டுமாம்.
ஆஸ்க் ஃபார் தண்ணீர். ஆஸ்க் ஃபார் பில்.
ஆஸ்க் ஃபார் விடுப்பு.
போடாவிட்டால்? என்றான் குர்து இளைஞன் ரிஸ்கார்.
தண்ணீரையே விசாரித்துக்கொண்டிருப்பாய், என்றார்.
வகுப்பு சிரித்தது.
டோவிலே சிரிக்கவில்லை.
போன வாரம்தான் சூப்பர்வைசர் முன்னால் நின்று
ஒரு நாற்காலியை அப்படி விசாரித்திருந்தாள்.
நாற்காலி இன்னும் பதில் சொல்லவில்லை.

மார்ச்சில் ஒரு வியாழன்
டெரிக் மெல்ல உட்கார்ந்தான் ஐஸ் பெட்டிமேல்,
கையுறையைக்கூடக் கழற்றாமல்.
பெல்ட் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது,
தோலோடு பதினோரு மீன்.
அவள்தான் சிவப்புப் பொத்தானை அடித்தாள்.

ஐந்தாம் நாள் அலுவலக போனில் ஒரு நர்ஸ்:
ஹி இஸ் ஆஸ்கிங் ஃபார் யூ.

பஸ்ஸில் அதை உருட்டிப் பார்த்தாள்,
சதைக்குள் முள் தேடுகிற விரலோடு.
ஃபார் இருக்கிறது. ஆகவே வினவல் இல்லை.
ஃபாருக்குப் பின்னால் தண்ணீர் வரும், பில் வரும்,
கடன் வரும், தீப்பெட்டி வரும்.
ஆள் வரலாமா?
பலகையில் அப்படி ஒரு வாக்கியம் இருந்ததேயில்லை.
கௌனாஸில் கட்டிக்கொண்டவன்கூட
எங்கே இருக்கிறாய் என்று வினவியதோடு சரி.
இங்கே ஒருவன்
ஒரு தம்ளர் டோவிலே
கொண்டுவரச் சொல்லியிருக்கிறான்.
நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.
மழையில் திரும்பி நடந்தாள்.

ஜன்னலோரப் படுக்கை.
கத்தி இல்லாத கை போர்வைமேல் கிடந்தது
யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போல.
வந்துட்டியா, என்றான்.
என் லாக்கர்ல சாண்ட்விச்.
வியாழக்கிழமையது.
சாவி அந்தக் கோட்டில்.

இதற்கா, என்று நினைத்தாள்.
சாவியை எடுத்துக்கொண்டாள்.
மூன்றடி நடந்தவள் திரும்பினாள்.
வேண்டாமலே ஒரு நாற்காலி இருந்தது அங்கே.

அப்புறம் அவன் பேசினான்.
ஆறு வருடத்துக்கும் சேர்த்து,
அப்பாவின் படகு பற்றியோ
அப்பாவைத் தின்ற கடல் பற்றியோ.
பல்செட் கழற்றிய வாயின் ஆங்கிலம்,
பாதிக்குமேல் பிடிபடவில்லை.
அவன் எதுவும் கேட்கவில்லை.
அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்கு நர்ஸ் வந்து
நீங்க என்ன உறவு, என்றாள்.
ரெண்டாவது பெல்ட், என்றாள் டோவிலே.
நர்ஸ் அதை அப்படியே
படிவத்தில் எழுதிக்கொண்டாள்.